கருத்து வேறு, பந்தி ஒன்று: மாற்றுக் கருத்துள்ளவர்கள் கூடிச் சாப்பிட்டுப் பேச ஒரு முழுமையான வழிகாட்டி

மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி வலையை அனுமதிக்க வேண்டும் என்பவரும், அது கடலையே வழித்தெடுத்துவிடும் என்பவரும் கடலூர்க் கரையில் ஒரே மணலில்தான் நிற்கிறார்கள். நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் தரமாட்டேன் என்பவரும், அந்தச் சுரங்க வேலையை நம்பியே பிள்ளையைப் படிக்க வைப்பவரும் ஒரே பேருந்தில் வருகிறார்கள். சிப்காட் தொழிற்பேட்டை ஆலை வேண்டுமா வேண்டாமா, புதுச்சேரிக்கு முழு மாநிலத் தகுதி கிடைத்தால் நல்லதா என்று பேச்செடுத்தால் டீக்கடை இரண்டாகப் பிரியும். கருத்து வேற்றுமைக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. அப்படிப்பட்டவர்கள் நிதானமாக உட்கார்ந்து பேச இடம்தான் இல்லை. கட்சிக் கூட்டத்துக்கு ஒரு தரப்பு மட்டும் போகிறது. கல்யாணப் பந்தியில் சொந்தபந்தம் உட்காருகிறது. வாட்ஸ்அப் குழுவில் நடப்பதைப் பேச்சு என்று சொல்ல முடியாது.

அந்த இடத்தை நீங்களே உண்டாக்கலாம். ஏழெட்டுப் பேர், ஒரு வீடு, ஒரு வேளைச் சாப்பாடு போதும். அதை எப்படி நடத்துவது என்று படிப்படியாக எழுதியிருக்கிறேன். பேச்சைவிடச் சமையலையும் பரிமாறுவதையும் பற்றித்தான் நிறைய இருக்கும். காரணம் உண்டு.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்

கூடிச் சாப்பிட்டால் மனம் இளகும் என்பது ஓரளவு உண்மை. ஒரே உணவைச் சாப்பிடுகிறவர்கள் ஒருவரையொருவர் கூடுதலாக நம்புகிறார்கள் என்றும், ஒரே தட்டிலிருந்து பகிர்ந்துண்ட பிறகு பேரம் பேசினால் சீக்கிரம் உடன்பாட்டுக்கு வருகிறார்கள் என்றும் கெய்ட்லின் வூலி, அயலெட் ஃபிஷ்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் 2017, 2019 ஆண்டுகளில் வெளியிட்ட சோதனைகளில் கண்டார்கள். ஆனால் வெறுமனே பக்கத்தில் உட்கார வைத்தால் போதாது. கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இலேயே நான்கு நிபந்தனைகளைச் சொன்னார்: சந்திப்பவர்கள் அந்த இடத்தில் சம அந்தஸ்தில் இருக்க வேண்டும், பொதுவான ஒரு நோக்கம் வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், ஊர் மதிக்கும் பெரியவர்களோ அமைப்போ அதற்கு ஆதரவாக நிற்க வேண்டும்.

நம் மண்ணில் இவற்றில் முதலாவதுதான் மிகக் கடினம். சாதி பார்க்கிறவர்கூட அன்னதானம் போடுவார். பந்தி பந்தியாகப் போடுவார். ஆனால் தன் கையால் யாருக்குப் போட்டாரோ அவர் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டார். கொடுப்பது எளிது; வாங்கிச் சாப்பிடுவதுதான் கடினம். ஆகஸ்ட் 15 அன்று அறநிலையத் துறைக் கோயில்களில் நடக்கும் பொதுவிருந்து நல்ல காரியம். ஆனாலும் அங்கே எல்லோரும் கோயிலின் விருந்தாளிகள். ஒருவர் இன்னொருவர் கையால் வாங்கி உண்பதில்லை.

வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கியபோது, பார்வதிபுரத்து ஊரார் கொடுத்த நிலத்தில் அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சாதி, சமயம் கேட்காமல் பசி ஒன்றையே கேட்டது அந்தச் சாலை. இதற்கு நேர் எதிரான பாடமும் நமக்கு உண்டு. புதுச்சேரியில் பத்தாண்டு வாழ்ந்த வ.வே.சு. ஐயர் பிறகு சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். தேசத் தொண்டுக்கென்றே பிள்ளைகளை வளர்க்க முனைந்த இடம் அது. அங்கே பிராமணப் பிள்ளைகள் இருவருக்கு மட்டும் தனியாகச் சோறு போடப்பட்டது. 1924-25இல் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து எழுப்பிய குரலில் தமிழ்நாட்டுக் காங்கிரஸே ஆடிப்போனது. எத்தனையோ விஷயத்தில் ஒத்துப்போனவர்களை ஒரு தனிப் பந்தி பிரித்துவிட்டது.

ஆகவே இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் ஒரே விஷயத்தைத்தான் குறிவைக்கின்றன: வந்த ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவர் கையாலும் ஏதாவது வாங்கிச் சாப்பிட்டிருக்க வேண்டும்.

படி 1: யாரை அழைப்பது

ஆறு பேருக்குக் குறைந்தால் பேச்சு நேர்காணல் மாதிரி ஆகிவிடும். எட்டைத் தாண்டினால் இரண்டு குழுவாகப் பிரிந்து, தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு பேசத் தொடங்குவார்கள். ஆறிலிருந்து எட்டு வரை சரி.

நீங்கள் மட்டும் அழைக்காதீர்கள். உங்களுக்கு மாற்றுக் கருத்துள்ள ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, இரண்டு பேர் பெயரிலும் அழையுங்கள். ஒருவர் மட்டும் அழைத்தால் மற்றவர்கள் அவர் தரப்புக்கு விருந்தாளி ஆகிவிடுவார்கள். இருவர் அழைத்தால் ஆல்போர்ட் சொன்ன நான்காவது நிபந்தனையும் ஓரளவு நிறைவேறும்.

எந்தத் தரப்பிலிருந்தும் ஒற்றை ஆளை அழைக்கக் கூடாது. ஏழு பேருக்கு நடுவில் ஒரே ஒரு முஸ்லிம், ஒரே ஒரு பெண், காலனியிலிருந்து ஒரே ஒருவர் என்று இருந்தால், அவர் தன் சமூகம் முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாவார். இரண்டு பேராவது இருக்கட்டும். அப்போதுதான் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டென்பது மற்றவர்களுக்குத் தெரியும்.

யாரை அழைக்கக் கூடாது என்பதிலும் தெளிவு வேண்டும். வலை, நிலம், ஆலை, கட்சி, கடவுள் ஆகியவற்றில் எப்படியும் கருத்து இருக்கலாம். எதிரில் உட்கார்ந்திருப்பவரை மனிதராகவே மதிக்காத ஒருவரை, ‘அவருக்கும் ஒரு பார்வை உண்டே’ என்று கூட்டி வருவது மற்றவரை அவமானத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவதாகும். அண்மையில் வன்முறைக்கு ஆளானவர்களையும், சமாதானத்துக்கு வாருங்கள் என்று சோற்றைக் காட்டி அழைக்காதீர்கள். அவர்களுக்கு முதலில் நியாயம் கிடைக்க வேண்டும்.

படி 2: நாளும் இடமும்

நம் நாட்காட்டியில் எல்லோருக்கும் பொருந்தும் நாளைக் கண்டுபிடிப்பது ஒரு தனி வேலை. ஞாயிறு காலை பூசைக்குப் போகிறவர்கள் உண்டு; வெள்ளி நண்பகலில் ஜும்மா உண்டு. புரட்டாசி, கார்த்திகையில் மாலை போட்டிருப்பது, தவக்காலம், ரமலான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரமலானில் நடத்தினால் நோன்பு திறக்கும் நேரத்துக்கு வைத்து, நோன்பு வைப்பவர் வீட்டுக் கஞ்சியோடு தொடங்குங்கள். சிப்காட், நெய்வேலி ஷிப்டுக்காரர்களிடம் மாற்று வாரத்தை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தொடங்க நல்ல காலம் எது என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் என்பேன். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ள காலம் அது. கடலுக்குப் போகிறவர்கள் கரையில் இருப்பார்கள். பண்ருட்டிப் பலாவும் அப்போதுதான் வரும்.

மதியச் சாப்பாடே நல்லது. இரவானால் கடைசிப் பேருந்தை நினைத்துப் பெண்கள் பாதியில் எழ வேண்டியிருக்கும்; குடித்துவிட்டு வரும் ஆளும் இரவில்தான் வருவார். மது வேண்டவே வேண்டாம். புதுச்சேரியில் இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். ஆனாலும் மதுவைக் கொண்டுவந்தால், அதை விலக்கியவர்களையும் அதனால் வீட்டில் அடிபட்டவர்களையும் வாசலோடு நிறுத்தியதாகிவிடும்.

இடம் வீடாக இருக்கட்டும். மண்டபம், கோயில் கூடம், தேவாலயக் கூடம், கட்சி அலுவலகம் எல்லாவற்றிலும் ஒரு தரப்பு நிரந்தர வீட்டுக்காரர். மற்றவர்கள் எப்போதும் விருந்தாளிகள். வாடகை வீட்டில் ‘சைவம் மட்டும்’ என்று உரிமையாளர் நிபந்தனை போட்டிருந்தால் அதை முதலிலேயே மற்றவர்களிடம் சொல்லிவிட்டு வேறு வீட்டில் தொடங்குங்கள். மொட்டை மாடியில் ஒரு பந்தல் போட்டாலே போதும்.

படி 3: என்ன சமைப்பது

பெரும்பாலோர் இங்கேதான் சுலபமான வழியைத் தேடுவார்கள்: ‘யாருக்கும் சங்கடம் வேண்டாம், எல்லாம் சைவமாகவே இருக்கட்டும்.’ முதல் சந்திப்புக்கு இது சரி. எல்லாச் சந்திப்பிலும் இதுவே தொடர்ந்தால், ஒரு தரப்பின் சாப்பாடு பொதுச் சாப்பாடு என்றும், மற்றவர்களின் சாப்பாடு மறைத்து வைக்க வேண்டியது என்றும் வாயால் சொல்லாமலே சொல்லிவிடுகிறோம். வீட்டில் சமைப்பதைக் கொண்டுவரக் கூச்சப்படுகிறவர் தன் மனதில் உள்ளதையும் கொண்டுவரமாட்டார்.

எனவே அவரவர் வீட்டு உணவுக்கு இடம் கொடுங்கள். கூடவே சில ஏற்பாடுகள் வேண்டும். சைவமும் அசைவமும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனிக் கரண்டி. கோழியோ ஆட்டுக்கறியோ என்றால் ஹலால் கடையில் வாங்குங்கள். அதைக் கறி சாப்பிடுகிற பெரும்பாலோர் சாப்பிட முடியும். கொண்டுவந்தவர் தன் உணவில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிடட்டும். சர்க்கரை, அலர்ஜி உள்ளவர்களை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டுக்கறி ஒருவர் வீட்டு உணவென்றால், அதைக் கைதூக்கும் எண்ணிக்கையால் முடிவுசெய்யாதீர்கள். அவர் வீட்டில் சந்திக்கும் முறை வரும்போது அவர் அடுப்பு, அவர் விருப்பம். சாப்பிடாதவர் சாப்பிடாமல் இருக்கலாம். முகம் சுளிக்கக் கூடாது. அதே மரியாதை மறுபக்கமும் உண்டு. பூண்டுகூடத் தொடாதவரைப் பார்த்து ‘ஒரு வாய் சாப்பிட்டுத்தான் பாருங்களேன்’ என்று வற்புறுத்தாதீர்கள்.

நம் கரையில் மதம் தாண்டிப் பெரும்பாலோர் சாப்பிடுவது மீன். அதற்கு ஹலால் அறுப்பு தேவையில்லை. வெள்ளிக்கிழமை கறி தவிர்க்கும் கத்தோலிக்கர்களும் உண்பார்கள். சங்கராவோ கிழங்கானோ, வடகம் தாளித்த குழம்பில் போட்டால் பாதிப் பந்திக்கு அதுவே போதும். எட்டுப் பேருக்கு ஒரு கிலோ அரிசி, சுத்தம் செய்யும் முன் இரண்டு கிலோ மீன் சரியாக இருக்கும். மீன் தொடாதவர்களுக்கு முந்திரிப் பருப்புக் குழம்பு, பலாக்காய்ப் பொரியல். இரண்டும் கடலூர் மாவட்டத்துக்கே உரியவை, சைவக்காரர் இலை வறண்டும் போகாது.

நான் மிகவும் பரிந்துரைப்பது கேழ்வரகுக் கூழ். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் வாசலில் குடிக்காதவர் நம் ஊரில் குறைவு. சைவம், அசைவம் என்ற கேள்வியும் எழாது. அரைக் கிலோ மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வையுங்கள். மறுநாள் நொய்யைக் குழைய வேகவைத்து, புளித்த மாவை ஊற்றி அடிப்பிடிக்காமல் கிளறி இறக்குங்கள். நன்றாக ஆறிய பின் உப்பும் மோரும் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு கொடுங்கள். இதற்கு இரண்டு நாள் வேலை இருக்கிறது என்பதுதான் இதன் நன்மை. ஒத்துப்போகாத இருவரிடம் பிரித்துக் கொடுங்கள்: கரைத்து வைப்பது ஒருவர், காய்ச்சுவது இன்னொருவர். மாவுச் சட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் ஒருவர் மற்றவர் வீட்டு வாசலைக் கட்டாயம் மிதிப்பார்.

படி 4: வேலையைப் பிரிப்பது

எல்லோரும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தால் போதும் என்று விடாதீர்கள். இரண்டு மணி நேரம் முன்னதாக வரச் சொல்லுங்கள். கை வேலையில் இருக்கும்போது கண்ணைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. பேச்சு நடுவில் நின்றாலும் யாருக்கும் சங்கடமில்லை. பலாப்பழம் அரிந்து சுளை எடுப்பதைப் போல ஆட்களைச் சேர்க்கும் வேலை கிடையாது. கையில் எண்ணெய் தடவிவிட ஒருவர், பிளக்க ஒருவர், சுளை உரிக்க நாலு பேர், கொட்டை பிரிக்க இருவர். வெங்காயம் உரிப்பதும் நல்ல வேலைதான்.

ஆண்கள் திண்ணையில் உலக நியாயம் பேச, பெண்கள் அடுப்படியில் வேகிற பழைய ஏற்பாட்டை விட்டுவிடுங்கள். அப்படி நடந்தால் பாதிப் பேருடைய பார்வையை வெளியே வைத்துவிட்டுத்தான் பேசிக்கொண்டிருப்பீர்கள். சமைப்பதும் பரிமாறுவதும் ஆண்களுக்கும் உள்ள வேலை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

படி 5: பந்தி

எல்லோருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர். காகிதக் கப் வசதிதான். ஆனால் டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்த நாட்டில், இன்னார் குடித்த டம்ளரில் குடிப்பதைத் தவிர்க்க நினைப்பவருக்கு அது ஒரு மறைவிடம் ஆகிவிடுகிறது. கழுவி, அடுத்தவருக்குக் கொடுக்கும் டம்ளரே இங்கே வேண்டும்.

ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றைப் பரிமாறட்டும். சோறு ஒருவர், குழம்பு ஒருவர், அப்பளம் ஒருவர், மோர் ஒருவர். ஒரு சுற்று முடிந்தால் உட்கார்ந்திருப்பவர் எழுந்து, பரிமாறியவரை உட்கார வைக்கட்டும். வயதில் பெரியவர் ‘நான் உட்கார்ந்தே இருக்கேனே’ என்றால், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊறுகாய்ப் பாட்டிலையாவது அவர் கையால் அனுப்பச் சொல்லுங்கள்.

இலை எடுக்கும் விஷயத்தை அலட்சியமாக விடக் கூடாது. விருந்தாளியின் இலையை வீட்டார் எடுப்பது நம் வழக்கம். அதே வழக்கத்துக்குள், சிலரை மட்டும் தன் இலையைத் தானே எடுக்கச் சொன்ன அவமானமும் இருந்திருக்கிறது. ஆகவே ‘அவரவர் இலையை அவரவர் எடுக்கலாம்’ என்ற பொது விதிகூட ஒருவருக்குப் பழைய காயத்தைக் கீறிவிடும். பக்கத்தில் இருப்பவர் இலையை நாம் எடுப்போம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழைத்தவர்கள் இருவரும் பேச்சில்லாமல் முதலில் குனிந்து எடுத்தால் மற்றவர்கள் தொடர்வார்கள். எச்சில் இலையைத் தொட்டு எடுத்த கை, அரை மணி கழித்து அதே ஆளைப் பார்த்து ‘உங்க ஆளுங்களே இப்படித்தான்’ என்று நீளாது.

படி 6: பேச்சு

சாப்பிடும்போது சண்டைக்குரிய விஷயம் வேண்டாம். அது கை கழுவிய பிறகு.

முதல் சந்திப்பில் தவிர்க்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. ‘உங்களுக்கு எந்தத் தெரு?’, ‘குலதெய்வம் எது?’, ‘அப்பா என்ன பண்றாரு?’ இவை எதற்காகக் கேட்கப்படுகின்றன என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அதற்குப் பதிலாக, ‘தானே புயல் அடிச்ச ராத்திரி நீங்க எங்க இருந்தீங்க?’ என்று கேளுங்கள். 2011 டிசம்பர் 30 விடியலில் அந்தப் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. அன்று பெரியவராகவோ பிள்ளையாகவோ இங்கே இருந்த எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. ஓடு பறந்தவர், முந்திரித் தோப்பே வேரோடு போனவர், பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தவர், பக்கத்து வீட்டுச் சோற்றில் பிழைத்தவர். இந்தக் கதைகளில் எந்தத் தரப்பும் தோற்பதில்லை.

பிறகு முக்கியமான விஷயத்துக்கு வரும்போது, கருத்தைக் கேட்காதீர்கள். அந்தக் கருத்து வந்த வழியைக் கேளுங்கள். ‘சுருக்குமடி சரியா தப்பா?’ என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் வரும். ‘அண்ணே, வலைக்கும் படகுக்கும் வாங்கின கடனுக்கு மாசம் என்ன கட்டுறீங்க?’ என்று சிறுபடகுக்காரர் கேட்டால், பெரிய வலைக்காரர் தன் வீட்டுக் கணக்கைச் சொல்வார். ‘நீ கடலுக்குப் போய் வெறும் வலையோட திரும்பின நாள்ல வீட்ல என்ன சொன்னாங்க தம்பி?’ என்று இவர் திருப்பிக் கேட்பார். அதன் பிறகும் வலையைப் பற்றி இருவரும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஆனால் எதிராளி பேராசையால் பேசுகிறான் என்றோ பொறாமையால் பேசுகிறான் என்றோ இனிச் சொல்ல வராது.

இதற்கு ஆய்வின் ஆதரவும் இருக்கிறது. டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்காவின் மயாமியில் நடந்தது. வீடு வீடாகப் போனவர்கள் வாதம் செய்யவில்லை. தீர்ப்புச் சொல்லாமல், தான் வேற்றுமையாக நடத்தப்பட்ட அனுபவத்தைச் சொல்லும்படி வீட்டுக்காரரைக் கேட்டார்கள். பத்து நிமிடப் பேச்சு அது. திருநங்கை, திருநம்பியர் மீதிருந்த வெறுப்பு அதில் குறைந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்த மாற்றம் நின்றிருந்தது. கேட்ட பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுக்கிறவர்களை மற்றவர்களுக்குப் பிடித்துப்போகிறது என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017இல் காட்டினார்கள். ‘அப்புறம் என்னாச்சு?’ என்பதைவிட நல்ல கேள்வி அனேகமாக இல்லை.

நடத்துபவர் செய்ய வேண்டியது மூன்றுதான். யாரும் ஒரேயடியாக ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பேசாதவரிடம், ‘நீங்க என்ன நினைக்கிறீங்க?’ என்று நேராகக் கேட்டுத் திணறவைக்காமல், ‘அக்கா, உங்க ஊர்ப் பக்கம் இது எப்படி?’ என்று கதவைத் திறந்துவிட வேண்டும். மறுப்புச் சொல்கிறவர், முதலில் எதிராளி சொன்னதைத் தன் வார்த்தையில் சொல்லி, ‘இதைத்தானே சொன்னீங்க?’ என்று கேட்ட பிறகே மறுக்க வேண்டும். கைபேசி கூடையில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டி வாதிட யாருக்கும் அனுமதியில்லை. ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிடுங்கள், பேச்சு சூடாக இருந்தாலும் சரி.

படி 7: முறுக்கிக்கொண்டால்

ஒரு நாள் குரல் உயரும். உயர்ந்தால் உடனே சமாதானம் பேசாதீர்கள். ‘எல்லாரும் ஒண்ணுதாம்பா’ என்று மேலே பூசுவது, காயப்பட்டவர் வாயை அடைப்பதுதான். என்ன சொல் புண்படுத்தியது என்று புண்பட்டவரிடமே கேளுங்கள். சொன்னவர் அங்கேயே அதைத் திரும்பப் பெறட்டும். மறுத்தால் அன்றைய பேச்சு அத்துடன் முடிந்தது. சாப்பிட்டதை வைத்து யாரையும் கட்டிப்போட முடியாது.

எழுந்து போனவரை வாசலில் மறித்து நியாயம் சொல்ல வேண்டாம். மறுநாள் இரண்டு அழைப்பாளர்களும் சேர்ந்து அவர் வீட்டுக்குப் போங்கள். அவர் கொடுக்கும் காப்பியை வாங்கிக் குடியுங்கள். வாதத்தைத் தொடராதீர்கள், அடுத்த சந்திப்பு எந்த நாளில் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.

படி 8: பாத்திரம் திரும்பட்டும்

மிச்சத்தைக் கட்டிக் கொடுக்கும்போது நெகிழிப் பையில் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டுத் தூக்கிலோ டிபன் கேரியரிலோ கொடுங்கள். வாங்கிய பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பித் தராத வழக்கம் நம்மிடம் இருக்கிறது. நாலு மாம்பழமோ ஒரு கிண்ணம் பாயசமோ போட்டுத்தான் திரும்பி வரும். அழைப்பாளர் யாரும் இல்லாமல், இரண்டு வீடுகள் தாமாகப் பழகத் தொடங்குவது இந்தப் போக்குவரத்தில்தான். யார் தூக்கை யாரிடம் கொடுப்பது என்பதைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்: அன்று அதிகம் முரண்பட்ட இருவர் வீட்டுப் பாத்திரங்கள் இடம் மாறிப் போகட்டும்.

அடுத்த சந்திப்பு வேறு வீட்டில். கடலூரில் ஒன்று, புதுச்சேரியில் ஒன்று என்று மாறிமாறி வைத்தாலும் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள்தான் ஆகும். ‘எங்க வீட்டுக்கெல்லாம் நீங்க வருவீங்களா, வசதியில்லையே’ என்று ஒருவர் தயங்கினால், இரண்டாவது சந்திப்பே அவர் வீட்டில்தான். பாய் குறைவாக இருந்தால் ஆளுக்கொரு பாய் எடுத்துப் போகலாம். சமையல் செலவை எட்டாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் தண்ணீரை மட்டும் யாரும் பாட்டிலில் கொண்டுபோகக் கூடாது. அந்த வீட்டுக் குடத்திலிருந்து அந்த வீட்டார் மொண்டு கொடுப்பதைத்தான் எல்லோரும் வாங்கிக் குடிக்க வேண்டும்.